கொச்சியிலிருந்து போன ஒரு கேள்வி

போன ஞாயிறு ஞானோபதேச வகுப்பில், சூம்பின கையுடைய மனிதனைச் சேசுநாதர் ஓய்வுநாளில் குணமாக்கின வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பையன் எழுந்து, "சாமி, அந்த யூதருக்கு வேறு வேலையே கிடையாதா? எதைத் தொட்டாலும் இது ஆகுமா, அது ஆகாதா என்று கேட்பதுதானா பிழைப்பு?" என்றான். பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அறைக்குத் திரும்பினபின் அந்தச் சிரிப்பு என் மனதை உறுத்திற்று.

ஏனெனில் இந்தத் தபசுகாலத்தில் என் அறை வாசலுக்கு வந்த கேள்விகளை எண்ணிப் பார்த்தேன். ஒருசந்தி நாளில் மாத்திரை விழுங்குவதற்குத் தண்ணீருக்குப் பதில் கஞ்சி குடிக்கலாமா என்று ஒரு பாட்டி. இஞ்சி மூட்டை ஏற்றுகிற லாரி ஞாயிறு காலையில்தான் வருகிறது, பூசை தவறினால் சாவான பாவமா என்று ஒரு குடும்பத்தலைவர். வெள்ளிக்கிழமை கருவாடு ஆகும் என்றால் கோழிமுட்டை ஏன் ஆகாது என்று வாதாட வந்த இரண்டு வாலிபர். (முட்டை ஆகும், அவர்களுக்கு யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்.) ஆக, இது ஆகுமா அது ஆகாதா என்று கேட்பதில் நாம் யூதருக்குச் சற்றும் இளைத்தவர்களல்ல. ஆனபடியால் அவர்கள் எப்படிக் கேட்டார்கள், யாரிடம் கேட்டார்கள், பதில் வந்தபின் என்ன செய்தார்கள் என்பதை இந்த வாரம் பாடமாகப் படிப்போம்.

யூதர் தங்கள் வேதச் சட்டத்தை "ஹலாக்கா" என்கிறார்கள். எபிரேய பாஷையில் அது நடப்பது என்ற சொல்லிலிருந்து பிறந்தது. நாமும் ஒருவனுடைய குணத்தை "நடத்தை" என்று சொல்லுகிறோமே, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். மோயீசன் வழியாக வந்த கட்டளைகள் 613 என்பது அவர்கள் கணக்கு. ஆனால் 613 கட்டளைகளைக்கொண்டு ஒரு மனிதன் காலை எழுந்ததுமுதல் இரவு படுக்குமட்டும் சந்திக்கிற எல்லாக் காரியத்துக்கும் தீர்வு காண முடியாது. ஓய்வுநாளில் வேலை செய்யலாகாது என்று கட்டளை இருக்கிறது, எது வேலை? இந்தக் கேள்விக்கு மாத்திரம் அவர்களுடைய முன்னோர் 39 வகை வேலைகளைப் பிரித்து வைத்தார்கள். ஏறக்குறைய கி.பி. 200-ல் மிஷ்னா என்ற தொகுப்பும், அதன்மேல் நடந்த தர்க்கங்களெல்லாம் சேர்ந்து பின்னால் தல்மூது என்ற பெரிய நூலும் உண்டாயின. 12-ம் நூற்றாண்டில் எகிப்து தேசத்தில் வைத்தியராயிருந்த மைமோனிதஸ் என்ற மகா பண்டிதர் அவற்றை ஒழுங்குபடுத்தி எழுதினார். அதற்கும் அடங்காத கேள்விகள் வந்தால், சனங்கள் கடிதம் எழுதி ராபிமாரிடம் கேட்பார்கள். ராபி கடிதத்திலேயே தீர்ப்பு எழுதி அனுப்புவார். வியாபாரி, விதவை, கசாப்புக்காரன் என்று எல்லாரும் கேட்ட இப்படிப்பட்ட கேள்வி பதில்கள் ஆயிரக்கணக்கில் இன்றும் புத்தகங்களாக இருக்கின்றன.

இவையெல்லாம் வெறும் சம்பிரதாயம் என்று தள்ளிவிட நமக்கு உரிமையில்லை. நம் ஆண்டவரும் தேவதாயும் அர்ச். சூசையப்பரும் இந்தச் சட்டத்தின் கீழ்தான் நசரேத்தூரில் குடித்தனம் செய்தார்கள். யூதர் சர்வேசுரனால் தள்ளுண்டவர்கள் என்று காட்டலாகாதென இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965-ம் ஆண்டு அக்டோபர் 28-ம் தேதி தெளிவாக அறிவித்திருக்கிறது. என்னைப்போன்ற போதகர்கள் வகுப்பில் சிரிப்பதற்குமுன் அதை நினைத்துக்கொள்வது நல்லது.

முதலில் ஒரு கிணற்றுக் காரியம். புதுவீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் வைக்கவேண்டும்; ஒருவன் தவறி விழுந்து இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரலாகாது என்று உபாகமத்தில் ஒரு கட்டளை உண்டு. நம்முடைய ஓட்டுக்கூரை வீடுகளுக்கு இது பொருந்தாதே என்று விட்டுவிடலாம். யூத வேதபாரகர் அப்படி விடவில்லை. விழுந்தால் ஆபத்து என்பதுதான் காரணமென்றால், முற்றத்திலிருக்கிற கிணறும் குழியும் அதே கட்டளைக்குள் அடங்கும் என்றார்கள். அதற்குப் பத்துக் கையகலம், அதாவது ஏறக்குறைய மூன்றடி உயரத்துக்குக் கரை கட்டவேண்டும். இல்லாவிட்டால் மூடிபோட வேண்டும். கடிக்கிற நாயையும் ஆட்டங்கண்ட ஏணியையும் வீட்டில் வைத்திருப்பவன்கூட இந்தக் கட்டளையை மீறுகிறான் என்று தல்மூதில் ஒரு போதகர் சொல்லுகிறார். இங்கே ஸ்ரீமதுரையில் வயலோரத்தில் தரைமட்டமாய் வாய்பிளந்து கிடக்கிற கிணறுகளை நினையுங்கள். யானைக்குட்டி கிணற்றில் விழுந்து தாய் யானை இரவெல்லாம் பிளிறின செய்தியைக் கூடலூர்ப் பக்கத்தில் கேட்காதவர் யார்? சொந்தக் கிணறு திறந்து கிடப்பதை நம்மில் எவராவது பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதுண்டா? இத்தனை வருடத்தில் நான் கேட்டதில்லை.

அடுத்தது கூலி. நாட்கூலிக்காரனுடைய கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டுமென்பது மோயீசன் சட்டம். இதிலும் வேதபாரகர் நுணுகிப் பார்த்தார்கள். பகலெல்லாம் உழைத்தவனுக்கு எப்போது கொடுப்பது? அன்றிரவு முடிவதற்குள். இரவுக் காவல் காத்தவனுக்கு? மறுநாள் பகல் முடிவதற்குள். இவ்வளவுதானா என்றால், தல்மூதிலுள்ள ஒரு சம்பவத்தைக் கேளுங்கள். பாபிலோன் தேசத்தில் ஒரு பெரியவருடைய திராட்சரசப் பீப்பாயைச் சுமைகூலிகள் தூக்கிப் போகையில் உடைத்துவிட்டார்கள். நஷ்டத்துக்கு ஈடாக அவர் அவர்களுடைய மேல்வஸ்திரங்களைப் பிடுங்கிக்கொண்டார். வழக்கு ராவ் என்ற போதகரிடம் போயிற்று. வஸ்திரங்களைத் திருப்பிக் கொடு என்றார் ராவ். இதுதான் சட்டமா என்று பெரியவர் கேட்டார். ஆம் என்று பதில் வந்தது. கூலிகளோ, "நாங்கள் ஏழைகள், நாளெல்லாம் உழைத்தோம், பசியாயிருக்கிறோம், கையில் ஒன்றுமில்லை" என்றார்கள். கூலியையும் கொடு என்றார் ராவ். இதுவும் சட்டமா? இதுவும் சட்டம்தான். நல்லவர்கள் நடக்கிற பாதையில் நடக்கச் சொல்லுகிற வேதவாக்கியத்தையே அவர் ஆதாரமாகக் காட்டினார். நம் பக்கத்தில் பணியர் குடும்பங்கள் வந்து இஞ்சிக்கும் நெல்லுக்கும் கூலிவேலை செய்கிறார்கள். சந்தைநாள் வரட்டும், கணக்குப் பார்த்துத் தருகிறேன் என்று அவர்களிடம் சொல்லுகிற வழக்கம் நம் பங்கில் இல்லையென்று நான் சொல்லமாட்டேன்.

ஓய்வுநாளைப்பற்றி நாம் சுவிசேஷத்தில் கேட்பது ஒரு பக்கம்தான். குழியில் விழுந்த ஆட்டைத் தூக்கிவிடமாட்டீர்களா என்று ஆண்டவர் கேட்டபோது, இந்த விஷயம் யூதப் போதகர்களுக்குள்ளேயே தர்க்கத்தில் இருந்த ஒன்று. மெத்தையும் தலையணையும் குழிக்குள் போட்டு மிருகம் தானாக ஏறிவரச் செய்யலாம் என்று தல்மூதில் ஒரு வழி சொல்லியிருக்கிறது. மனித உயிர் என்று வரும்போதோ தர்க்கமே கிடையாது. உயிருக்கு ஆபத்து என்ற சந்தேகம் இருந்தாலே ஓய்வுநாள் விலகி நிற்கும். அன்றியும், அந்த உதவியை வேலைக்காரனையோ சிறுபிள்ளையையோ கொண்டு செய்விக்கலாகாது. ஊரில் பெரியவர்களும் வேதசாஸ்திரிகளுமே முன்னின்று செய்யவேண்டும் என்று மைமோனிதஸ் எழுதியிருக்கிறார். சாமத்தில் பிரசவ வேதனைப்பட்ட அயல்வீட்டுக்காரியை ஜீப்பில் கூடலூருக்குக் கொண்டுபோய், ஞாயிறு பூசை தவறிவிட்டதே என்று அழுதுகொண்டு வந்த ஒருவரிடம் இதைத்தான் சொல்லி அனுப்பினேன்.

சமையல் காரியத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன், பெண்களுக்கு ருசிக்கும் என்பதால். இறைச்சியையும் பாலையும் கலந்து சமைப்பது யூதருக்கு விலக்கு. ஆனால் கொச்சியிலிருந்த யூதர் இறைச்சிக் கறியில் தேங்காய்ப்பால் ஊற்றிச் சமைத்தார்கள். தேங்காய் மரத்தில் காய்ப்பது. பெயர் பாலே தவிரப் பசுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 16-ம் நூற்றாண்டில் போலந்து தேசத்து ராபி ஒருவர் பாதாம் பாலைப்பற்றி எழுதும்போது, இறைச்சியோடு அதைப் பரிமாறினால் பக்கத்தில் சில பாதாம் பருப்புகளை வைத்துவிட வேண்டும், பார்க்கிறவன் பசும்பால் என்று எண்ணி இடறலடையாதபடிக்கு, என்றார். பார்க்கிறவனுடைய மனதைக்கூடக் கணக்கில் எடுத்துக்கொள்கிற சட்டம் அது.

கொச்சியைப்பற்றிச் சொன்னேன் அல்லவா, பாடத்தின் மையத்துக்கு அங்கேதான் வந்து சேரவேண்டும். நம் பங்கில் பாதிக்குமேற்பட்டவர்களுக்கு மலையாள தேசத்தில் உறவுண்டு. மட்டாஞ்சேரியைப் பார்த்தவர்கள் பலர் இருப்பீர்கள். அங்கே அரண்மனைக்கு அடுத்தாற்போல் 1568-ல் கட்டப்பட்ட பரதேசி யூதரின் செபக்கூடம் நிற்கிறது. அதற்கு வெகுகாலம் முந்தியே மலபார்க் கரையில் யூதர் இருந்தார்கள். ஏறக்குறைய கி.பி. 1000-ல் பாஸ்கர ரவிவர்மன் என்ற அரசன் ஜோசப் ரப்பான் என்ற யூதப் பிரமுகருக்கு 72 உரிமைகளைக் கொடுத்து எழுதின செப்பேடுகள் அவர்களிடம் இருந்துவந்தன. எந்த அரசனும் இந்நாட்டில் அவர்களை யூதர் என்பதற்காகத் துன்புறுத்தினதில்லை. துன்புறுத்தினவர்கள் போர்த்துக்கீசர், 1662-ல் அந்தச் செபக்கூடத்தைச் சேதப்படுத்தினவர்கள் நம்முடைய வேதத்தைச் சேர்ந்தவர்களே என்பதை மறைப்பதில் பிரயோசனமில்லை.

இந்தக் கொச்சி யூதருக்குச் சொந்தத்தில் ராபி கிடையாது. மூப்பர்களே காரியங்களைப் பார்த்துக்கொண்டார்கள். மூப்பரால் தீர்க்கமுடியாத ஒரு சண்டை 16-ம் நூற்றாண்டில் வந்தது. அதைக் கடிதத்தில் எழுதிக் கடல்கடந்து எகிப்து தேசத்துக் கெய்ரோ பட்டணத்துக்கு அனுப்பினார்கள். அங்கே தலைமை ராபியாயிருந்தவர் தாவீது இபின் சிம்ரா. இவர் ஸ்பெயின் தேசத்தில் பிறந்து, 1492-ல் கத்தோலிக்க அரசர் யூதரையெல்லாம் தேசத்தைவிட்டுத் துரத்தினபோது பாலகனாய் வெளியேறினவர்.

கேள்வி இதுதான். கொச்சியில் சுமார் 900 யூதக் குடும்பங்கள் இருக்கின்றன. அவற்றில் 100 குடும்பத்தார் தாங்கள்தான் ஆதி யூத வம்சம், குலமுறை உள்ளவர்கள் என்கிறார்கள். மற்ற 800 குடும்பத்தாரும் செல்வமும் பக்தியும் உள்ளவர்களே, கட்டளைகளை அனுசரிக்கிறவர்களே. ஆனால் அந்த நூறு குடும்பத்தார் இவர்களோடு சம்பந்தம் பண்ணுவதில்லை. அடிமைகள் என்று அழைக்கிறார்கள். இதனால் ஊரில் ஓயாத கலகம். என்ன செய்வது?

வாசிக்கும்போது இது கொச்சியிலிருந்து போன கடிதம்தானா, நம் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து ஆண்டவர் மேற்றிராணியாருக்குப் போன கடிதமா என்று எனக்கு மயக்கம் வந்தது.

இபின் சிம்ரா எழுதின பதில் நீளமானது. சட்ட நுணுக்கம் நிறைந்தது. சாராம்சம் மாத்திரம் சொல்லுகிறேன். இவர்களுடைய முன்னோரில் சிலர் அடிமைகளாயிருந்து முறைப்படி விடுதலை பெறவில்லை என்ற சந்தேகம் இருக்குமானால், மூன்றுபேர் கொண்ட சபைக்கு முன்பாக இவர்கள் தண்ணீரில் மூழ்கி எழுந்து கட்டளைகளை ஏற்றுக்கொள்ளட்டும். அதன்பின் எந்தச் சந்தேகமும் இல்லை. இவர்கள் முழு யூதர். கொள்ளவும் கொடுக்கவும் தடையில்லை. அவருடைய சீடர் யாக்கோபு காஸ்த்ரோ என்பவரிடமும் பின்னொரு காலத்தில் இதே கேள்வி போயிற்று. அவரும் அப்படியே தீர்ப்பளித்தார்.

ஒரு கேள்வியை ஏன் இரண்டாந்தரம் கேட்டார்கள்? முதல் பதில் பிடிக்கவில்லை. இரண்டாவதும் பிடிக்கவில்லை. தேங்காய்ப்பாலுக்கும், மீனின் செதிலுக்கும், பாஸ்கு அரிசியில் ஒவ்வொரு மணியாய்ப் பொறுக்குவதற்கும் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் அனுசரித்த அதே சனங்கள், இந்த ஒரு காரியத்தில் நாலு நூற்றாண்டு சட்டத்தைப் பேழைக்குள் பூட்டி வைத்தார்கள். வேலிக்கு வெளியே கண்ட சாதிவழக்கம் அவர்களுக்கு வேதத்திலும் பெரிதாய்ப் போயிற்று. பரதேசி யூதருடைய செபக்கூடத்துக்குள்ளேயே இன்னொரு பிரிவு இருந்தது. அவர்களுடைய வீடுகளில் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்களின் சந்ததியார் அங்கே மற்றவர்களோடு இருக்கையில் உட்காரக்கூடாது. முன்கூடத்தில் தரையிலோ படியிலோ இருந்து செபிக்கவேண்டும். வேதச்சுருளை வாசிக்க அழைக்கப்படமாட்டார்கள்.

பம்பாய்ப் பக்கத்துப் பெனே இஸ்ரவேலருக்கு நேர்ந்ததையும் சொல்லவேண்டும். கொங்கணக் கரையில் செக்காட்டிப் பிழைத்து, சனிக்கிழமை செக்கை நிறுத்திவிட்டதால் "சனிவார எண்ணெய்க்காரர்" என்று அயலாரிடம் பெயர்பெற்றவர்கள் இவர்கள். இவர்களில் இஸ்ரவேல் தேசத்துக்குக் குடியேறினவர்கள் மற்ற யூதரை மணக்க விரும்பினால் முன்னோரை விசாரித்தறியவேண்டும் என்று அந்நாட்டுத் தலைமை ராபிமார் 1962-ல் உத்தரவிட்டார்கள். இவர்கள் வீதியில் இறங்கிப் போராடினார்கள். 1964-ல் அந்நாட்டு அரசு இவர்கள் எவ்வகையிலும் குறைவில்லாத யூதர் என்று அறிவித்தது. இந்தியாவில் செக்கு நிறுத்தினதே சாட்சியாயிருக்க, அங்கே போய்ப் பாட்டன் பூட்டனுக்குச் சாட்சி தேடவேண்டியதாயிற்று.

நாம் யூதரைப் பார்த்து விரல் நீட்டுவதற்குமுன் வடக்கன்குளத்துக்கு ஒருதரம் போய்வர வேண்டும். அங்கே 1872-ல் எழுந்த கோவிலில் ஒரே பீடம். சனங்கள் நிற்கிற இடமோ இரண்டு பிரிவு, நடுவில் சுவர், சாதிக்கு ஒரு பக்கம். 1910-ல்தான் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. இடித்ததற்காக வழக்கு நியாயஸ்தலம் மட்டும் போயிற்று. கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றும் அடிமையென்றும் இல்லை என்ற அர்ச். சின்னப்பருடைய போதனை அந்தப் பீடத்திலிருந்தே எத்தனை தடவை வாசிக்கப்பட்டிருக்குமோ!

முன்னே நான் இருந்த ஒரு பங்கில் (எது என்று தேடவேண்டாம், இந்த மலையில் அல்ல) ஒரு தகப்பனார் என்னிடம் வந்தார். தினப்பூசை தவறாதவர். அவர் மகள் ஒரு பையனை விரும்புகிறாள். அவனும் கத்தோலிக்கன், நல்ல உழைப்பாளி, வேறு சாதி. "சாமி, கோவில் சட்டத்தில் இந்தக் கலியாணத்துக்கு ஏதாவது தடை உண்டா, பாருங்கள்" என்றார். சட்டப்புத்தகத்தை எடுத்து வைத்து ஒவ்வொன்றாய் வாசித்துக் காட்டினேன். வயது, முந்தின கலியாணம், இரத்த உறவு, குருப்பட்டம், வார்த்தைப்பாடு, ஒன்றும் பொருந்தவில்லை. "நன்றாகப் பாருங்கள் சாமி, எங்காவது இருக்கும்" என்றார். இல்லை என்றேன். அவருக்கு ஒரு தடை வேண்டியிருந்தது. அதைக் கோவிலே கொடுத்துவிட்டால் மகளிடம் தம் பெயர் கெடாது. அது எனக்குப் புரிந்தது. ஆனாலும் சரியான பதிலைச் சொல்லிவிட்டோம் என்ற திருப்தியோடு புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தேன். அந்தக் கலியாணத்துக்கு ஓலை வாசிக்கப்படவேயில்லை. பெண் தூரத்தில் ஒரு பட்டணத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். கெய்ரோவிலிருந்த ராபி கொச்சிக்கு வந்து ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து பேச முடியாது. அவருக்கும் கொச்சிக்கும் நடுவே கடல் கிடந்தது. எனக்கும் அந்தத் தகப்பனார் வீட்டுக்கும் நடுவே அரைமைல் செம்மண் ரோடு. நான் போகவில்லை.

கொச்சியில் ஒருவர் போனார். ஆபிரகாம் பராக் சேலம் என்பவர், 1882-ல் பிறந்தவர், விடுதலை பெற்ற அடிமைகளின் சந்ததியார். சென்னையில் படித்துப் பட்டம் பெற்று எர்ணாகுளத்தில் வக்கீலாயிருந்தார்; கொச்சி சட்டசபையிலும் அங்கத்தினராயிருந்தார்; 1929-ல் லாகூர் காங்கிரசுக்குப் போய்வந்தார். சட்டசபையில் ஆசனம் உண்டு, சொந்தச் செபக்கூடத்தில் ஆசனம் இல்லை. அவர் வேறு செபக்கூடம் தேடிப் போகவில்லை. காந்தியடிகள் காட்டின சத்தியாக்கிரகத்தை மட்டாஞ்சேரியில் கையாண்டு, பெரியவர்கள் உள்ளே போகவும் வரவும் தம்மைக் கண்டு கடந்துபோகும்படி அந்தப் படியிலேயே உட்கார்ந்தார். இப்படி ஒரு நாளில்லை, இரண்டு நாளில்லை. விலக்குகள் வருடக்கணக்கில் ஒவ்வொன்றாய்த் தளர்ந்தன. 1950-ல் அவருடைய குமாரன் பரதேசிக் குடும்பத்துப் பெண் ஒருத்தியை மணந்தான். இபின் சிம்ராவின் தீர்ப்பு கொச்சியில் நிறைவேற அத்தனை காலம் பிடித்தது.

நிறைவேறினபோது ஊர் காலியாகிக்கொண்டிருந்தது. 1950-களில் மலபாரி யூதர் கூட்டங்கூட்டமாய் இஸ்ரவேல் தேசத்துக்குக் குடியேறினார்கள். அந்தப் பிரயாணத்துக்கான ஏற்பாடுகளிலும் சேலமே முன்னின்று உழைத்து, தாம் மட்டும் கொச்சியிலேயே தங்கி 1967-ல் மரித்தார். இன்று அங்கே மிஞ்சியிருக்கிற யூதரைக் கைவிரலால் எண்ணிவிடலாம். மட்டாஞ்சேரி யூதத் தெருவில் செபக்கூடத்துக்குப் போகிற ரோட்டுக்கு இப்போது ஏ. பி. சேலம் ரோடு என்று பெயர்.

வருகிற ஞாயிறு வகுப்பில் இந்தக் கடிதத்தின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லப்போகிறேன். கேள்வி கேட்ட பையன் முன்வரிசையில் இருக்கவேண்டும். பெற்றோரும் வந்து பின்னால் உட்காரலாம்.